உம்மாவின் கோழிகளும் ஓர் அமானிதமும்

சுபுஹு தொழுது முடித்ததும் உம்மா செய்கிற முதல் வேலை, கொல்லைக் கதவைத் திறந்து கோழிக்கூட்டின் கொக்கியை விலக்குவதுதான். வாப்பா வஃபாத்தான நாளிலிருந்து இந்த வழக்கம் தவறியதில்லை. முதலில் சேவல் வெளியே வரும். பின்னர் மூன்று பழைய பெட்டைகள். அவற்றுக்குப் பின்னால் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு விடைக்கோழிகள். வாயில் திக்ரு ஓடிக்கொண்டிருக்க, உம்மா விரல்களால் எண்ணிக்கொண்டிருப்பார்கள். மொத்தம் பதினான்கு. எண்ணிக்கை நிறைந்த பிறகே அடுப்பில் தேநீர் ஏறும்.

சென்ற ஆண்டு ஒருநாள் எண்ணிக்கை பதின்மூன்றில் நின்றுவிட்டது. உம்மா குனிந்து கூட்டுக்குள் பார்த்தார்கள். பழுப்பு நிற விடைக்கோழி ஒன்று மூலையில் அமர்ந்திருந்தது. கண்கள் தெளிவாக இருந்தன, கொண்டையும் வாடவில்லை. வெளியே எடுத்து விட்டபோது இரண்டு எட்டு வைத்தது. மூன்றாவது எட்டில் இடக்கால் மடங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. மறுநாள் அது படுத்திருந்த விதத்தைக் கண்டு எங்களுக்கு மனம் பதைத்தது. ஒரு கால் முன்னே நீண்டிருக்க, மற்றொரு கால் பின்னே நீண்டிருந்தது.

நாங்கள் மூன்று பிள்ளைகள். அந்த நாட்களில் நாங்கள் கற்றுக்கொண்டதும், செய்யவிருந்து அல்லாஹ்வின் அருளால் செய்யாமல் தப்பியதும் எங்களோடு முடங்கிவிடக் கூடாது என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறோம். கொல்லையில் நாலு கோழி வளர்க்கும் வீடுகள் நம் மஹல்லாக்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உம்மாக்களின், நன்னிகளின் கைப்பொறுப்பில் உள்ளவை.

ஒரு கோழி நொண்டுகிறது என்றவுடன் தெருவே மருத்துவராகிவிடும். நாய் துரத்தியிருக்கும் என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் இன்னொருவர். வேப்பெண்ணெய் தடவச் சொன்னார்கள். மிளகும் பூண்டும் அரைத்து உருட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் நேரடியாகச் சொன்னார்: “உசிரு இருக்கும்போதே பிஸ்மி சொல்லி அறுத்துடுங்க. செத்துப்போச்சுன்னா யாருக்கும் ஆகாது.”

எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் உம்மா ஒப்பவில்லை. ஒரு பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அடியில் பழைய கைத்தறித் துண்டை மடித்து விரித்து, அதன் மேல் கோழியைக் கிடத்தினார்கள். மற்றக் கோழிகள் வந்து கொத்தாதபடி தனியே வைத்தார்கள். சிறு கரண்டியால் தண்ணீர் புகட்டினார்கள். நாளுக்கு நான்கைந்து முறை அதை ஒருபக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்தார்கள்.

அந்தத் திருப்பிப் படுக்க வைத்தலை நாங்கள் முன்பே பார்த்திருக்கிறோம். வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் செயலிழந்த பின், இரண்டு ஆண்டுகள் உம்மா அவர்களை அப்படித்தான் திருப்பிப் படுக்க வைத்தார்கள். படுக்கைப் புண் வரக் கூடாது என்பதற்காக இரவில் கடிகாரத்தைப் பார்த்து எழுவார்கள். கோழியின் பக்கத்தில் குந்தியிருந்த உம்மாவிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவர்களும் எதுவும் சொல்லவில்லை.

எங்களில் ஒருவர் மருந்துக்கடைக்குச் சென்று, கோழிகளுக்கான பி-காம்ப்ளக்ஸ் சொட்டு மருந்தை வாங்கி வந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. முன்னொரு முறை எங்கள் வீட்டில் பொரித்த குஞ்சுகள் இரண்டு வார வயதில் விரல்கள் உட்புறமாகச் சுருண்டு, பாதத்தை ஊன்ற முடியாமல் பின்மூட்டின் மேல் நடந்தன. அது பி-2 எனப்படும் ரைபோஃப்ளேவின் சத்துக் குறைவால் வருவது. வெறும் குருணையையே தின்று வளரும் குஞ்சுகளுக்கு இந்தச் சத்துப் போதாது. அப்போது சொட்டு மருந்தும், கீரையும், குஞ்சுத் தீவனமும் கொடுத்தவுடன் பெரும்பாலான குஞ்சுகள் தேறிவிட்டன. ஆகவே இம்முறையும் அதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணினோம். ஐந்து நாட்கள் மருந்து கொடுத்தோம். கோழி தேறவில்லை. ஆறாம் நாள் இன்னொரு விடைக்கோழியின் இறக்கை ஒன்று தரையில் இழுபடத் தொடங்கியது.

அதன் பிறகுதான் இரண்டு கோழிகளையும் ஒரு கூடையில் வைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு சென்றோம். முதல் நாளே சென்றிருக்க வேண்டும். ஆடு மாடுகளுக்குத்தான் மருத்துவர், கோழிக்கு எதற்கு என்ற எண்ணம் எங்களிடமும் இருந்தது.

மருத்துவர் அம்மையார் பொறுமையாகப் பார்த்தார்கள். பாதத்தின் அடிப்பகுதியைத் திருப்பி, கருத்த பொருக்கோடு வீக்கம் இருக்கிறதா எனப் பார்த்தார்கள். கரடுமுரடான இடத்தில் குதித்துப் பாதத்தில் சீழ் கட்டினாலும் கோழி நொண்டும். கணுக்கால் மூட்டின் பின்னுள்ள தசைநார் இடம் விலகியிருக்கிறதா எனத் தடவினார்கள். மாங்கனீசு போன்ற சத்துகள் குறைந்தால் வளரும் குஞ்சுகளுக்கு அது நேரும். அலகையும் நெஞ்செலும்பையும் அழுத்திப் பார்த்தார்கள்; வைட்டமின் டி, சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ் ஆகியவை குறைந்தால் அலகு ரப்பர் போல வளையும், நெஞ்செலும்பு கோணும். கழுத்து முறுக்கிக்கொள்கிறதா, பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறதா எனக் கேட்டார்கள். அவை வெள்ளைக்கழிச்சல் நோயின் அடையாளங்கள். கழுத்து துணி போலத் தொய்ந்து கிடந்ததா, அழுகிய எதையாவது தின்றதா என்றும் கேட்டார்கள். அழுகிய சடலத்தையும் அதில் நெளியும் புழுக்களையும் தின்ற கோழிக்கு நஞ்சேறி அப்படி ஆகும்.

எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். கடைசியாகக் கோழியின் கண்ணை வெளிச்சத்தில் காட்டி, “இந்த வளையத்தைப் பாருங்கள்” என்றார்கள். ஒரு கண்ணின் வண்ண வளையம் செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது. மற்றொன்றில் சாம்பல் படர்ந்து, பாவையின் ஓரம் ஒழுங்கிழந்திருந்தது.

‘மாரெக்ஸ்’ நோயாக இருக்கலாம் என்றார்கள். நரம்புகளையும் உள்ளுறுப்புகளையும் தாக்கும் ஒரு வைரஸ் நோய் அது. 1907-ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டின் கால்நடை மருத்துவ அறிஞர் யோசெஃப் மாரெக், கால் முடங்கிய நான்கு சேவல்களைப் பரிசோதித்து இந்த நரம்பு வீக்கத்தை எழுதி வைத்தார்; அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. அதற்குக் காரணமான வைரஸ் 1967-இல்தான் அடையாளம் காணப்பட்டது. தடுப்பூசி வந்ததும் அதையடுத்த சில ஆண்டுகளில்தான். வான்கோழியிடம் காணப்படும் தீங்கற்ற ஒரு வைரஸைக் கொண்டு அது செய்யப்பட்டது. ஆனால் அந்தத் தடுப்பூசியை, குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே போட்டுவிட வேண்டும். நோய் தொற்றிய பின் அதைப் போட்டுப் பயனில்லை. கால் முடங்கிய கோழிக்கு மருந்தும் இல்லை.

எங்கள் கோழிகள் தெருவில் கூடையோடு வந்த வியாபாரியிடம் ஒரு மாதக் குஞ்சுகளாக வாங்கியவை. தடுப்பூசி போட்டவையா என்று நாங்கள் கேட்கவும் இல்லை. அவர் சொல்லவும் இல்லை.

வீடு திரும்பிய இரண்டாம் நாள், இறக்கை இழுபட்ட கோழி முதலில் இறந்தது. மருத்துவர் சொல்லியிருந்தபடி உடனே கொண்டு சென்றோம். உடற்கூற்றுப் பரிசோதனையில் தொடையின் உட்புறம் ஓடும் பெரிய நரம்பை இருபுறமும் காட்டினார்கள். ஒருபுறம் வெண்மையாக, மெல்லிய நூலாக, குறுக்கே நுண்ணிய வரிகளோடு இருந்தது. மறுபுறம் வரிகள் மறைந்து, மஞ்சள் படிந்து, இரண்டு மடங்கு தடித்திருந்தது. ஒரே உடலில் ஆரோக்கியமும் நோயும் அருகருகே கிடந்தன. இவ்வளவு மெல்லிய ஒரு நூலின் வழியாகத்தான் ஓர் உயிர் நிற்கிறது, நடக்கிறது, கிளறி இரை தேடுகிறது என்பதை அன்று கண்ணால் கண்டோம். சுப்ஹானல்லாஹ்! வாப்பாவின் வலக்காலை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மருத்துவர் அம்மையார் மேலும் இரண்டு செய்திகளைச் சொன்னார்கள். முதலாவது, இந்நோய் மனிதர்களுக்குத் தொற்றாது. இரண்டாவது, கோழியின் இறகு வேர்களிலிருந்து உதிரும் பொடுகுத் தூசியில் இந்த வைரஸ் கலந்து, மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தொற்று ஏற்பட்ட கோழி வெளித்தோற்றத்துக்கு நன்றாக இருந்தாலும் வாழ்நாள் முழுதும் அதைச் சுமந்து, தான் போகும் இடமெல்லாம் பரப்பும். “மிச்சமிருக்கும் கோழிகளை உயிரோடு யாருக்கும் விற்றுவிடாதீர்கள்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

சோதனை அந்த வாரமே வந்தது.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய சபுராளி ஒருவர், ஊருக்கு வெளியே சிறு கொட்டகை போட்டு நாட்டுக்கோழி வளர்க்க முனைந்திருந்தார். உம்மாவின் கோழிகள் நன்றாக வளர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு வீடு தேடி வந்தார். கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த எட்டு விடைக்கோழிகளையும் பார்த்தார். கொண்டை சிவந்து, இறகு மினுங்கி, எந்தக் குறையும் தெரியாமல் அவை நின்றன. ஒன்றுக்கு 350 ரூபாய் வீதம் எட்டையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மறுநாள் காலை பணத்தோடு வருவதாகச் சொல்லிச் சென்றார்.

மொத்தம் 2,800 ரூபாய். அடுப்பங்கரைக் கூரையில் ஓடுகள் உடைந்து, மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. உம்மா அந்தக் கோழிகளை வளர்த்ததே அதற்காகத்தான். பிள்ளைகளிடம் கைநீட்டாமல் தம் கையால் கூரை வேய வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம்.

அன்றிரவு நாங்கள் பேசிய பேச்சை இப்போது நினைத்தால் நாணம் வருகிறது. அவர் வந்து கண்ணால் பார்த்துத்தானே வாங்குகிறார் என்றோம். அந்த எட்டுக்கும் நோய் இருக்கிறது என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லையே என்றோம். எங்களுக்கு விற்ற வியாபாரி எங்களிடம் சொன்னாரா என்றும் கேட்டோம். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் பொய்யில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு பெரிய பொய்யின் கூரையாக இருந்தது. அதன் கீழேதான் நாங்கள் உம்மாவை உட்கார வைக்கப் பார்த்தோம்.

உம்மா மதரஸாவில் ஓதியது சிறு வயதில் நாலைந்து ஆண்டுகள் மட்டுமே. ஆனால் ஹஜ்ரத்மார்களின் பயானில் கேட்டதை மறக்க மாட்டார்கள். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த செய்தியையும், மழை நனைத்துவிட்டது என்று விற்றவர் சொன்னபோது, மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் கண்டித்த செய்தியையும் எங்களுக்கு நினைவூட்டினார்கள். பின்னர், “அந்த மனுசரும் மழை பெஞ்ச உண்மையைத்தானே சொன்னாரு. கேட்ட பொறகு சொன்னதுதான் குத்தம்” என்றார்கள்.

அத்தோடு நின்றிருந்தால் நாங்கள் ஒரு பாடம் கற்று உறங்கியிருப்போம். ஆனால் இஷா தொழுதுவிட்டு வந்த உம்மா திடுக்கிட்டவர்களாக முசல்லாவிலேயே அமர்ந்துவிட்டார்கள். “பின்தெரு மாமிக்கு ரெண்டு கொடுத்தோமே?” என்றார்கள்.

நாங்கள் மறந்தே போயிருந்தோம். குஞ்சுகளாக வாங்கியவை பன்னிரண்டு. முதல் கோழி நொண்டுவதற்கு மூன்று வாரம் முன்பு அவற்றில் இரண்டைப் பின்தெருவில் உள்ள மாமி ஒருவர் 300 ரூபாய் வீதம் வாங்கிச் சென்றிருந்தார்கள். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஐந்தாறு கோழிகள் இருந்தன. விற்றபோது எங்களுக்கு எதுவும் தெரியாது, அதில் குற்றமில்லை. தெரிந்த பின்னும் வாய்மூடி இருந்தால்?

மறுநாள் காலை சபுராளி வந்தார். உம்மா கதவருகே நின்றபடியே முழுவதையும் சொன்னார்கள். இரண்டு கோழிக்கு நேர்ந்ததையும், மருத்துவர் சொன்ன பெயரையும், எட்டுக் கோழிகளும் நோயைச் சுமந்திருக்கக் கூடும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, கொட்டகைக்காக வாங்கிய கடனின் தொகையைச் சொல்லி, “அல்லாஹ் உங்களுக்குப் பரக்கத் செய்யட்டும்” என்று கூறிச் சென்றார். பின்னர், முதல் நாள் தடுப்பூசி போட்ட குஞ்சுகளாகக் கேட்டு வாங்கி வளர்ப்பதாக அறிந்தோம்.

அன்று அஸருக்குப் பின் 600 ரூபாயைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு உம்மா பின்தெருவுக்குப் புறப்பட்டார்கள். நாங்களும் உடன் சென்றோம்.

மாமி வீட்டுத் திண்ணையில் அமர்ந்ததும் உம்மா செய்தியைச் சொல்லத் தொடங்கினார்கள். கால் என்ற சொல் வந்ததுமே மாமியின் முகம் மாறியது. எழுந்து கொல்லைக்குச் சென்று ஒரு கோழியைக் கையில் ஏந்தி வந்தார்கள். கால்கள் அதேபோல முன்னொன்றும் பின்னொன்றுமாக நீண்டிருந்தன. பத்து நாட்களாக அப்படித்தான் இருக்கிறதாம். வீட்டுக்குள் நெல் காய்ந்தபோது மருமகள் விறகுக் குச்சியை வீசிக் கோழியை விரட்டினாளாம். அடி பட்டுத்தான் கால் போயிற்று என்று மாமி பத்து நாட்களாக அவளைப் பேசி வந்திருக்கிறார்கள். அவள் தன் தாய்வீட்டில் கற்றுக்கொண்ட குணம் அது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

உம்மா, மருத்துவர் காட்டிய நரம்பைப் பற்றிச் சொன்னார்கள். குச்சியால் வந்ததன்று, எங்கள் வீட்டிலிருந்தே வந்தது என்றார்கள். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. சிறிது நேரத்தில் அந்த மருமகள் எங்களுக்குத் தேநீர் கொண்டு வந்தார். குவளையை உம்மாவின் கையில் கொடுத்தபோது அவருடைய கண்கள் நிறைந்திருந்தன. மாமி அவரைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை; தன் பக்கத்தில் இடம் ஒதுக்கி, “உக்காருமா” என்று மட்டும் சொன்னார்கள்.

பணத்தை மாமி வாங்க மறுத்தார்கள். வெகுநேரம் வற்புறுத்திய பின், முடங்கிய கோழிக்கான 300 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும் வழியில் நாங்கள் யாரும் பேசவில்லை. ஒரு கோழியின் குறையை மறைத்திருந்தால் எங்கள் கணக்கில் 2,800 ரூபாய் வந்திருக்கும். ஆனால் நாங்கள் அறியாத ஒரு வீட்டில், நாங்கள் அறியாத ஒரு பெண் செய்யாத தவற்றின் சுமையைத் தொடர்ந்து சுமந்திருப்பாள். குறையை மறைக்கும் வியாபாரத்தில் பரக்கத் அழிக்கப்படும் என்று நபிமொழி எச்சரிப்பதை இதுவரை பண நட்டம் என்றே எண்ணியிருந்தோம். அது எந்தெந்த வீட்டு வாசல் வரை செல்லும் என்பது அன்றுதான் விளங்கியது. நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றோடு கொண்டு சேர்க்க வேண்டாம் என்று அவர்கள் இட்ட கட்டளையும் புதிய பொருளோடு எங்கள் முன் நின்றது.

பழுப்புக் கோழி இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தது. அறுத்து உண்ணலாமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டபோது, உயிர் உள்ளபோது முறைப்படி அறுப்பதன் சட்டத்தை விளக்கிவிட்டு, அல்லாஹ் உணவைப் பற்றிக் கூறுமிடத்தில் ஹலால் என்பதோடு தய்யிப், அதாவது தூயது, நல்லது என்பதையும் சேர்த்தே கூறியிருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். மெலிந்து, உள்ளுறுப்பில் கட்டிகள் இருக்கக்கூடிய கோழியை உண்ண வேண்டாம் என்றே மருத்துவரும் சொல்லியிருந்தார்கள். உம்மா அதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை அது இறந்தது. ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். அதன் பின் இன்னும் இரண்டு முடங்கி இறந்தன. பன்னிரண்டில் எங்களிடம் இருந்த பத்தில் ஆறு மிஞ்சின. அவை இன்று முட்டையிடுகின்றன. முட்டையை வீட்டில் உண்கிறோம். முட்டைக்குள்ளாக இந்நோய் குஞ்சுக்குக் கடப்பதில்லை என்றாலும், பொரித்த குஞ்சு தூசியால் பிடிபடும் என்பதால் இந்தக் கொல்லையில் இப்போது அடை வைப்பதில்லை.

கோழி வளர்க்கும் குடும்பங்களுக்கு எங்கள் அனுபவத்தில் சொல்ல வேண்டியவை சில உண்டு. குஞ்சு வாங்கும்போது மாரெக்ஸ் தடுப்பூசி முதல் நாளில் போடப்பட்டதா என்று கேளுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்தைக் குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாகவும், எட்டு வார அளவில் ஊசியாகவும் போடுவது வழக்கம். கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை விட்டுவிடாதீர்கள். புதிதாக வந்த கோழியைச் சில வாரங்கள் தனியே வைத்திருந்து பின்னர் சேருங்கள். குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு ஒரே கூட்டில் அடைக்காதீர்கள். நோய் கண்ட கூட்டின் பழைய உமியையும் தூசியையும் முழுவதும் அகற்றி, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காய விடுங்கள். திடீரெனப் பல கோழிகள் ஒன்றாக இறந்தால் தொடாமல் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

பொரித்த குஞ்சுகளைச் செய்தித்தாள் போன்ற வழுக்கும் பரப்பில் விடாதீர்கள்; கால்கள் இருபுறமும் அகன்று நிற்க முடியாமல் போகும். முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்துத் தேவை. தீவனத்தில் கிடைக்காதபோது அது தன் எலும்பைக் கரைத்து ஓட்டைச் செய்யும். அந்தத் தூளைக் குஞ்சுகளுக்குக் கொடுக்காதீர்கள். அவற்றின் சிறுநீரகம் தாங்காது.

வெறும் அரிசியையும் குருணையையும் மட்டுமே போடுவதைப் பற்றி ஒரு வரலாற்றுச் செய்தியும் உண்டு. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜாவாத் தீவின் பத்தாவியா நகரில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. பின்னர் தாமாகவே தேறின. விசாரித்தபோது, இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகள் தின்ற காலத்தில்தான் நோய் வந்தது என்பதும், புதிதாக வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்து, தவிடு நீங்காத அரிசி போடப்பட்ட பின் தேறின என்பதும் தெரிந்தது. தவிட்டில் இருந்த அந்தப் பொருளே பின்னாளில் பி-1 வைட்டமின் எனப்பட்டது. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கால் தளர்ந்த கோழிகளைக் குப்பையில் எறியாமல் ஒருவர் உற்றுப் பார்த்ததால் எத்தனையோ மனிதர்களின் நரம்புகள் காக்கப்பட்டன.

சந்தையிலிருந்து கோழியைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டு வரும் வழக்கத்தையும் நாம் விட்டுவிட வேண்டும். மூட்டு பிசகவும் எலும்பு முறியவும் அதுவே காரணமாகிறது. தேவையற்ற வேதனை தரும் விதத்தில் விலங்குகளைக் கொண்டு செல்வதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் குற்றமாகவே கருதுகிறது. அறுக்கும் கத்தியைக் கூட நன்கு தீட்டி, அறுக்கப்படும் பிராணிக்கு எளிதாக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இறக்கைகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயத்தில் அல்லாஹ் அறிவிக்கிறான். கொல்லையில் கிளறித் திரியும் ஒரு சமுதாயத்தின் பொறுப்பு நம் கையில் அமானிதமாகத் தரப்பட்டிருக்கிறது.

கூரை அந்த மழைக்கு மாற்றப்படவில்லை. ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் விரித்தோம். நாங்கள் மூவரும் பணம் சேர்த்துத் தை மாதத்தில்தான் ஓடு மாற்றினோம். உம்மா அதை ஏற்றுக்கொண்டதே எங்களுக்குப் பெரிது. பின்தெரு மாமியின் மருமகள் இப்போது அவ்வப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறார். உம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். சுபுஹுக்குப் பின் உம்மா கொக்கியை விலக்கி எண்ணுகிறார்கள். எண்ணிக்கை பத்தில் நிற்கிறது. “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் வைக்கச் செல்கிறார்கள்.

நம் பொறுப்பில் உள்ள வாயில்லாத உயிர்களிடம் இரக்கத்தோடும், கொடுக்கல் வாங்கலில் குறையை மறைக்காத நேர்மையோடும் வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.